வெள்ளைத் துணியோடு வாருங்கள்

தோழர்களே,

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மூன்றே நாள்.

கல்முனைக்குடித் தோழர்களே, மருதமுனைத் தோழர்களே. சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்றுத் தோழர்களே. பாண்டிருப்புத் தோழர்களே, உங்களையும்தான் கூப்பிடுகிறோம். சவூதியில் உழைத்துத் திரும்பியவர்களே. பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு வாட்ஸ்அப் மணிக்குக் காத்திருக்கும் உம்மாமாரே. வீட்டுப்பணிக்குப் போய்ப் பத்து வருசத்தை அந்த வீடுகளில் விட்டுவிட்டு வந்த ராத்தாமாரே.

எழும்புங்கள். வெளியே வாருங்கள்.

2025 ஜூன் 14ஆம் தேதி துர்க்கி அல் ஜாசர் என்ற பத்திரிகையாளரைச் சவூதி அரசு கொன்றது. 2018இல் பிடித்தார்கள். ஏழு வருசம் பூட்டி வைத்தார்கள். தேசத்துரோகம் என்றார்கள். பயங்கரவாதம் என்றார்கள். பிறகு உயிரை எடுத்தார்கள். அவர் எழுதினார். அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான்.

அன்றைக்கு நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? நினைத்துப் பாருங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு கிழமை. குர்பான் இறைச்சி இன்னும் ஃப்ரிட்ஜில் இருந்தது. செய்தி கைபேசியில் வந்தது. பார்த்தோம். விரலால் தள்ளிவிட்டோம். கல்முனையில் ஒரு கடை வாசலிலும், ஒரு வகுப்பறையிலும், ஒரு பள்ளித் திண்ணையிலும் அந்தப் பெயர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இனிச் சொல்வோம். துர்க்கி அல் ஜாசர். வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்குள் சொல்லுங்கள். கடையில் சொல்லுங்கள். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தோழர்களே, நான் ஆறு வருசம் ரியாதில் இருந்தேன். பத்ஹாவில் ஒரு அறை. ஒன்பது பேர். ஒரு கம்பனி ஓபிஸில் தேத்தண்ணி கொடுக்கும் வேலை. அந்த ஓபிஸில் ஒரு சவூதி இளைஞர் இருந்தார். சீனி போடாத சுலைமானி கேட்பார். என்னை 'சதீக்' என்று கூப்பிடுவார். என் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் என் பிள்ளைகளின் பெயர் தெரிந்த ஒரே சவூதி அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நான் தட்டோடு போனேன். மேசை துடைத்துக் கிடந்தது. பெயர்ப்பலகை இல்லை. பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கவே இல்லை. முகாமையாளர் என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னார்: கேட்காதே.

நான் கேட்கவில்லை. அவருடைய கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

இகாமா, அந்த வதிவிட அனுமதி, போய்விடும் என்று பயந்தேன். தங்கச்சியின் கலியாண வீடு பாதிச் சுவரில் நிற்கிறதே என்று பயந்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. உங்கள் பயமும் பொய்யில்லை. ஆனால் நான் இப்போது ரியாதில் இல்லை. கல்முனையில் நிற்கிறேன். என் இகாமா காலாவதியாகிப் பல வருசம். இங்கே என் வாயில் யார் கை வைத்திருக்கிறார்? ஒருவருமில்லை. ஆனாலும் வாய் மூடியே கிடந்தது.

அந்த வாயைத் திறக்கத்தான் இந்த அழைப்பு. என் வாயை. உங்கள் வாயை. நம் வாயை.

புதிய சவூதி என்கிறார்கள். 2016 ஏப்ரலில் முஹம்மத் பின் சல்மான் 'விஷன் 2030' என்று அறிவித்தார். 2018 ஏப்ரலில் சினிமாக் கொட்டகை திறந்தார்கள். 2018 ஜூன் 24ஆம் தேதி பெண்கள் கார் ஓட்டத் தொடங்கினார்கள். பாலைவனத்தில் 170 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நகரம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். 2034ஆம் ஆண்டின் உலகக் கிண்ணக் கால்பந்து அங்கேதான். நம் பொடியன்கள் இப்போதே ஜெர்சியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பெண்கள் கார் ஓட்டுவது நல்லது. மனதாரச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சாவியைக் கேட்டவர்கள் யார்? அவர்களுக்கு என்ன நடந்தது? அதைக் கேளுங்கள்.

1990 நவம்பர் 6ஆம் தேதி ரியாத் தெருவில் 47 பெண்கள் கார் ஓட்டினார்கள். வேலை பறிபோனது. கடவுச்சீட்டு பறிபோனது. அவர்கள் விடவில்லை. அவர்களுக்குப் பின் வந்தவர்களும் விடவில்லை. லுஜைன் அல் ஹத்லூல் விடவில்லை. தடை நீங்குவதற்குச் சில கிழமைகளே இருந்தன. 2018 மே மாதம். லுஜைனையும் தோழிகளையும் பிடித்துப் போனார்கள். மின்சாரம் வைத்தார்கள், சவுக்கால் அடித்தார்கள், தண்ணீரில் மூச்சுத் திணறவைத்தார்கள் என்று குடும்பம் சொன்னது. அரசு இல்லை என்றது. 2020 டிசம்பரில் பயங்கரவாத வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருசமும் எட்டு மாதமும் தண்டனை எழுதியது. 2021 பெப்ரவரியில் சிறைக்கதவு திறந்தது. நாட்டின் கதவு திறக்கவில்லை. பயணத்தடை போட்டார்கள்.

கேட்டதைக் கொடுத்துவிட்டு, கேட்டவளை ஏன் பூட்ட வேண்டும்?

இதை நன்றாக யோசியுங்கள் தோழர்களே. முழு விசயமும் இங்கேதான் இருக்கிறது. மக்கள் கேட்டுப் பெற்றால் அது உரிமை. அடுத்ததையும் கேட்பார்கள். எண்ணெய்க் கணக்கைக் கேட்பார்கள். வாக்கைக் கேட்பார்கள். மன்னர் தானாகக் கொடுத்தால் அது கொடை. கொடைக்கு நன்றி சொல்லலாம், கணக்குக் கேட்க முடியாது. அதனால் கொடுக்கும் நாளுக்கு முன்னால் கேட்டவர்களை அப்புறப்படுத்துகிறார்கள். கொடுத்தவர் மட்டும் மேடையில் நிற்கிறார்.

இது பழைய வழி. ஈரானின் ஷா 1963இல் வெள்ளைப் புரட்சி என்றார். காணி பகிர்ந்தார். பெண்களுக்கு வாக்குக் கொடுத்தார். ஸாவாக் என்ற உளவுப்படையை வைத்து வாய் திறந்தவர்களை வதைத்தார். 1975இல் நாட்டுக்கு ஒரே கட்சி என்றார். 1979இல் நாட்டைவிட்டுப் போனார்.

நம் நாட்டுக்கும் இது புதிதில்லை. மணிமுடி மட்டும்தான் இல்லை. ஜே. ஆர். ஜயவர்தன 1977இல் சந்தையைத் திறந்தார். 1978இல் நிறைவேற்று அதிகாரத்தைத் தன் கையில் எடுத்தார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டு வந்தார். தற்காலிகம் என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 1980 ஜூலையில் சம்பளம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்த 40,000க்கும் மேற்பட்டோரைத் தெருவில் விட்டார்கள். கடையில் ஜப்பான் ரேடியோ வந்தது. வீட்டில் அடுப்பு அணைந்தது. நம் வாப்பாமார் அதைப் பார்த்தவர்கள். கேட்டுப் பாருங்கள்.

ஆகவே எனக்கு விளங்கவில்லை என்று சொல்லாதீர்கள். அம்பாறைக் கரையில் பிறந்தவனுக்கு இது விளங்கும்.

சல்மா அல் ஷிஹாப். இரண்டு பிள்ளைகளின் தாய். இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. விடுமுறைக்கு ஊர் போனார். 2021 ஜனவரியில் பிடித்தார்கள். ட்விட்டரில் கைதிகளுக்காகக் குரல் கொடுத்தவர்களைப் பின்தொடர்ந்தார், அவர்கள் எழுதியதைப் பகிர்ந்தார். முதலில் ஆறு வருசம். மேன்முறையீடு செய்தார். 2022 ஓகஸ்டில் 34 வருசமாக்கினார்கள். மேன்முறையீடு செய்தால் தண்டனை குறையும் என்றுதானே நாம் நினைப்போம். அங்கே கூடுகிறது. உலகம் கத்தியது. 34 என்பது 27 ஆனது. பிறகு நான்கானது. 2025 பெப்ரவரியில் வெளியே வந்தார்.

கவனியுங்கள். உலகம் கத்தியது. தண்டனை குறைந்தது. கத்தினால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சல்மாவைக் காட்டுவேன்.

முஹம்மத் அல் காம்தி. ஓய்வுபெற்ற ஆசிரியர். நம் ஊரில் வெள்ளைச் சாரனும் தொப்பியுமாகச் சைக்கிளில் போவாரே, அப்படி ஒரு வாத்தியார். அவருடைய ட்விட்டர் கணக்குகளைப் பின்தொடர்ந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். 2023 ஜூலையில் மரண தண்டனை. எழுதியதற்கு. யூடியூபில் பேசியதற்கு. சத்தம் எழுந்தது. 2024இல் அந்தத் தீர்ப்பு கலைந்தது. அதற்குப் பதில் 30 வருசம். இன்னும் சத்தம் வேண்டும். அவருக்கு இன்னும் சத்தம் வேண்டும். நம் சத்தம் வேண்டும்.

ஜமால் கஷோக்ஜி. 2018 ஒக்டோபர் 2. கலியாணத்துக்குப் பத்திரம் எடுக்க இஸ்தான்புல்லில் உள்ள சவூதி துணைத்தூதரகத்துக்குள் போனார். வெளியே அவருக்காக மணப்பெண் காத்திருந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. ஜனாஸா இல்லாமல் தொழுதார்கள்.

2022 மார்ச் 12. ஒரே நாள். 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். 2024ஆம் ஆண்டில் 330க்கும் மேல். இந்த எண்களைப் படித்துவிட்டுச் சோற்றைப் பிசைய முடிந்தால், நான் உங்களிடம் பேசவில்லை. கை நின்றவர்களிடம்தான் பேசுகிறேன்.

இனி நம் பிள்ளைக்கு வருகிறேன். தள்ளிப்போட முடியாது.

ரிசானா நபீக். மூதூர்ப் பிள்ளை. 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டாள். வயது பதினேழு. கடவுச்சீட்டில் இருபத்துமூன்று என்று எழுதினார்கள். விறகு வெட்டும் வாப்பாவின் மூத்த மகள். வீட்டு வேலை என்று போன பிள்ளையின் கையில் கைக்குழந்தையைக் கொடுத்தார்கள். புட்டிப்பால் கொடுக்கையில் அந்தக் குழந்தை மூச்சடைத்து மௌத்தானது என்றாள். கொலை என்றார்கள். தொடக்கத்தில் சட்டத்தரணி இல்லை. அவள் தமிழை ஒழுங்காக மாற்றிச் சொல்லத் தகுதியான ஒருவர் இல்லை. அவள் பேசிய தமிழ், நாம் பேசும் தமிழ், அந்த அறையில் அநாதையாகக் கிடந்தது. 2007இல் தீர்ப்பு. 2013 ஜனவரி 9இல் வாள்.

அன்று நம் நாடாளுமன்றம் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நின்றது. ஏழு வருசத்துக்கு மேல் அவள் உயிரோடு இருந்தாள். பேச வேண்டிய வருசங்கள் அவை.

நம் ஊர்களில் என்ன சொன்னோம்? மார்க்கத் தீர்ப்பு, பேசாதே என்றோம். சவூதியைப் பேசினால் ஈமானைப் பேசியதாகும் என்றோம். சிலர் பேசினார்கள், அவர்களை வசைபாடினோம். இதை நான் வெட்கத்தோடு எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

மார்க்கம் என்று சொல்பவர்களே, உங்களைத்தான். பள்ளி நிர்வாகிகளே, மௌலவிமாரே, உங்களைத்தான். ஸல்மான் அல் அவ்தாவை உங்களுக்குத் தெரியும். அவருடைய பயான்களைக் கேட்டவர்கள் உங்களிலேயே இருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் அவரைப் பிடித்தார்கள். சவூதியும் கத்தாரும் சமாதானமாகட்டும் என்று இறைவனிடம் கேட்டு எழுதினார். அதற்குப் பிறகுதான் கதவு தட்டப்பட்டது. அரசு வழக்குரைஞர் மரண தண்டனை கேட்டார். ஒரு ஆலிம் துஆக் கேட்டதற்கு. நீங்கள் மிம்பரில் நின்று எத்தனை முறை துஆக் கேட்டிருப்பீர்கள்? அவருக்காக ஒன்று கேட்டீர்களா?

அப்துல்லாஹ் அல் ஹாமித். பேராசிரியர், கவிஞர். மன்னர் இருக்கட்டும், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கட்டும் என்றார். அவ்வளவுதான் கேட்டார். பதினொரு வருசத் தண்டனை. 2020 ஏப்ரலில் காவலிலேயே மௌத்தானார். அந்த நோன்பு தொடங்கும் நேரம்.

அநியாயக்கார ஆட்சியாளன் முன்னால் உண்மையைச் சொல்வது எவ்வளவு பெரிய ஜிஹாத் என்ற ஹதீஸை எத்தனை குத்பாவில் கேட்டோம். கேட்டுத் தலையாட்டினோம். அந்த ஹதீஸில் சவூதி மன்னருக்கு விதிவிலக்கு இல்லை. கஃபா அல்லாஹ்வின் வீடு. அதை நோக்கித் தொழுகிறோம், மௌத்தாகும்வரை தொழுவோம். ரியாத் அரண்மனையை நோக்கி யாரும் தொழவில்லை.

நன்றி வேண்டாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர், அதனால் பதில் சொல்கிறேன். சவூதிப் பணத்தில்தான் நம் வீடுகளுக்குக் கூரை வந்தது என்றார். சுனாமிக்குப் பிறகு நுரைச்சோலையில் 500 வீடு கட்டித் தந்தார்களே என்றார். உண்மை. கட்டித் தந்தார்கள். அந்த வீடுகளை நமக்குக் கொடுக்காமல் ஆண்டுக்கணக்கில் காடு மூட விட்டது நம் நாட்டு அரசியல், அதற்கு அவர்கள் பொறுப்பில்லை. அந்த உதவிக்கு அந்த மக்களுக்கு நன்றி. அந்த மக்களுக்கு. லுஜைனும் அந்த மக்களில் ஒருத்தி. காம்தியும் அந்த மக்களில் ஒருவர். எனக்குச் 'சதீக்' என்று பெயர் வைத்த இளைஞரும் அந்த மக்களில் ஒருவர். நன்றியை அவர்களிடம் காட்டுவோம், வாருங்கள்.

கூரை? கூரைக்கு நாம் கூலி வேலை செய்தோம். வெயிலில் கொதித்தோம். முதலாளி கபீலிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு ஆறு மாதச் சம்பளத்துக்குக் கெஞ்சினோம். ராத்தாமார் பூட்டிய சமையலறையில் படுத்தார்கள். நம் கூலியை நாம் வாங்கினோம். நம் நாக்கை யாரிடமும் அடகு வைக்கவில்லை.

கடனென்று ஒன்று இருக்கிறது தோழர்களே. அது வேறு கடன்.

2020ஐ நினையுங்கள். கொரோனாவைச் சொல்லி நம் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறந்து இருபது நாளான குழந்தையை எரித்தார்கள். மையவாடி இருந்தது, கபன் துணி இருந்தது, தோண்ட ஆள் இருந்தது. விடவில்லை. 270க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஜனாஸாக்கள். அந்த மாதங்களில் உம்மாமார் இருமலை மறைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்தார்கள். மௌத்துக்குப் பயப்படவில்லை. நெருப்புக்குப் பயந்தார்கள்.

அப்போது யார் வந்தார்கள்?

பொரளை மயானக் கதவில் யாரோ வெள்ளைத் துணி கட்டினார்கள். இரவோடு இரவாக அவிழ்த்தார்கள். மறுபடி கட்டினார்கள். சிங்களத் தோழர்கள் கட்டினார்கள், தமிழ்த் தோழர்கள் கட்டினார்கள், பாதிரிமார் கட்டினார்கள். நாடெங்கும் வேலிகளில் வெள்ளைத் துணி. 2021 பெப்ரவரி 3ஆம் தேதி பொத்துவிலில் கிளம்பிய பேரணி நம் கல்முனை வழியாகத்தான் போனது. ஐந்து நாள் நடந்து பொலிகண்டியில் முடிந்தது. காணாமலாக்கப்பட்ட பிள்ளையின் படத்தை நெஞ்சில் பிடித்த தமிழ்த் தாய்மார், எரிக்காதே என்று நமக்காகவும் கத்தினார்கள். அவர்களுக்கும் நமக்கும் இடையில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகச் சண்டை அன்றும் இருந்தது. அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஜெனீவாவில் முகம் தெரியாதவர்கள் நமக்காகப் பேசினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. ஓட்டமாவடியில் மண் கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

நமக்காகக் கத்தியவர்களில் எத்தனை பேருக்கு நம் பெயர் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் கத்தினார்கள். அந்தக் கடன் நம் தலையில் இருக்கிறது.

பயங்கரவாதி என்ற சொல் எப்படி ஒட்டப்படுகிறது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலின் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நம் வீடுகளில் அரபு எழுத்துள்ள கிதாபுகளை எங்கே ஒளிப்பது என்று தவித்தோம். கப்பல் சுக்கான் படம் போட்ட சட்டையைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி ஒரு பெண்ணைப் பிடித்தார்கள். அஹ்னாஃப் ஜஸீம் என்ற இளங்கவிஞரை 2020 மே மாதம் பிடித்தார்கள். 'நவரசம்' என்று தமிழில் கவிதை எழுதினார். தமிழ் தெரியாதவர்கள் அதைத் தீவிரவாதம் என்று வாசித்தார்கள். 2021 டிசம்பர் வரை உள்ளே. 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுவித்தது. போன நாட்கள் போனவைதான். 2025 மார்ச்சில் பலஸ்தீனத்துக்காக ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞனை அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் தூக்கினார்கள்.

இங்கே கவிஞரைத் தூக்கிய சட்டமும் அங்கே வாத்தியாரைத் தூக்கிய சட்டமும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள். இங்கே அதை எதிர்த்துவிட்டு அங்கே அதற்குத் தலைவணங்க முடியாது. காசாவுக்காகத் தெருவில் இறங்கிய நாம் ரியாதுக்கு மட்டும் திரைபோட முடியாது.

காணியும் அப்படித்தான். சவூதியின் வடமேற்கில் ஹுவைத்தாத் கோத்திரம். புதிய நகரம் கட்ட எழும்பு என்றார்கள். அப்துர் ரஹீம் அல் ஹுவைத்தி காணொளியில் பேசினார். போக மாட்டேன் என்றார். 2020 ஏப்ரல் 13இல் சுட்டுக் கொன்றார்கள். அவர்தான் முதலில் சுட்டார் என்றது அரசு. 2022 ஒக்டோபரில் அந்தக் கோத்திரத்தின் மூன்று பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். நம் மாவட்டத்தில் பாணமை இருக்கிறது. 2010 ஜூலையில் ஆயுதத்தோடு வந்து குடிசையைக் கொளுத்தி விரட்டினார்கள். பிறகு முகாம் வந்தது. பாணமைச் சனத்திடம் ஹுவைத்தியின் கதையைச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புத் தேவைப்படாது.

என்ன பயம்?

பிள்ளை தம்மாமில் இருக்கிறான், அதனால் வர முடியாது என்கிறீர்களா? சரி. அது உண்மையான பயம். அங்கே இருப்பவர்களிடம் நாங்கள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர்கள் பேச வேண்டாம். பகிர வேண்டாம். லைக்கும் போட வேண்டாம். அவர்கள் பாதுகாப்பாக இருக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்து இங்கே நிற்பவர்கள் பேசுவோம். பிள்ளை அங்கே இருக்கும் உம்மா வந்தால் படமெடுக்க மாட்டோம். யாருடைய முகத்தையும் படமெடுக்க மாட்டோம். யாருடைய பெயரையும் கேட்க மாட்டோம். கைபேசியைப் பையில் போடுவோம். துணியை மட்டும் படமெடுப்போம். இது வாக்கு.

ஏஜென்சிக்காரர் கோபப்படுவார் என்கிறீர்களா? கோபப்படட்டும். ரிசானாவின் வயதை மாற்றி எழுதியவர்களும் அந்தத் தொழில்காரர்கள்தான்.

நாம் சின்ன ஊர், நாம் பேசி என்ன என்கிறீர்களா? பொரளைக் கதவில் முதல் துணியைக் கட்டியவரும் ஒருவர்தான்.

இனிச் செய்ய வேண்டியது.

வெள்ளிக்கிழமை. அஸர் தொழுகை முடிந்ததும். கல்முனைக்குடிக் கடற்கரை. நாகூர் ஆண்டகை தர்ஹா இருக்கும் கடற்கரைப் பள்ளிக்குத் தெற்கே, தோணிகள் இழுத்து வைத்திருக்கும் மணல்.

ஒரு முழம் வெள்ளைத் துணி கொண்டு வாருங்கள். மருதமுனைத் தோழர்களே, தறியில் மிஞ்சிய துண்டு போதும். கூடக் கொண்டு வாருங்கள், இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். பழைய துணியானாலும் துவைத்துக் கொண்டு வாருங்கள்.

ஒரு துணியில் ஒரு பெயர். பெயர்கள் எங்களிடம் இருக்கின்றன. மார்க்கர் இருக்கிறது. கயிறு இருக்கிறது. தோணிக்குத் தோணி கயிறு கட்டுவோம். துணியைக் கட்டுவோம். ஒவ்வொருவரும் தன் துணியில் உள்ள பெயரைச் சத்தமாக வாசிப்போம். அவ்வளவுதான். மேடை இல்லை. மாலை இல்லை. எம்பி இல்லை. மகரிப் பாங்குக்கு முன் முடித்துவிடுவோம்.

ராத்தாமாரே, நீங்கள் முன்னால் நில்லுங்கள். உங்களுக்கு அந்தச் சுவர்கள் தெரியும். பாண்டிருப்புத் தோழர்களே, செயலகச் சண்டையைச் சனிக்கிழமை தொடருவோம். வெள்ளிக்கிழமை பக்கத்தில் நில்லுங்கள். வாத்தியார்மாரே, காம்தியின் பெயரை நீங்கள் எழுதுங்கள். மௌலவிமாரே, ஸல்மான் அல் அவ்தாவை உங்களுக்கு வைத்திருக்கிறோம். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். நீங்கள் வராவிட்டால் அந்தத் துணி வெறுமையாகவே தொங்கும். எல்லோரும் பார்ப்பார்கள்.

பொடியன்களே, கால்பந்து ஜெர்சியோடு வாருங்கள். வாருங்கள்.

ரிசானாவின் துணி முதலாவது. அதை மூதூரிலிருந்து வரும் தோழர்கள் கட்டுவார்கள்.

என் துணியில் யாரை எழுதுவது என்று நான் நிறைய யோசித்தேன். அந்த இளைஞரின் முழுப்பெயர் எனக்குத் தெரியாது. அவர் இருக்கிறாரா, இல்லையா என்பதும் தெரியாது. கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை. அவர் என்னைக் கூப்பிட்ட சொல்லைத்தான் எழுதப் போகிறேன். சதீக். தோழன்.

வெள்ளிக்கிழமை. அஸருக்குப் பிறகு. ஒரு முழம் துணி.